ஓடையைப் பிடித்துக்கொண்டு போங்கள்: வட கரோலினாவின் மலைக் கவுண்டிகளில் உள்ளூர் வரலாறு தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஸ்வெயின் கவுண்டியின் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குச் சென்று, 1860-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரத்தைக் கேட்டால் கிடைக்காது. அந்த ஆண்டில் ஸ்வெயின் என்றொரு கவுண்டியே இல்லை. அது 1871-இல்தான் ஜாக்சன், மேக்கன் ஆகிய இரு கவுண்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. நிலம் அங்கேயே இருந்தது, ஓடை அங்கேயே ஓடியது, உழுதவர்களும் அங்கேயே இருந்தார்கள். அவர்களுடைய காகிதங்கள் மட்டும் வேறொரு ஊரின் அலமாரியில் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு முழு நாளை வீணடித்தவன் என்ற முறையில், இந்த வழிகாட்டியை அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சார்லட்டிலும் ராலேயிலும் வசிக்கும் நம்மவர்கள் அக்டோபர் மாதத்தில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு இந்த மலைகளுக்குப் போய்வருவது வழக்கம். அப்படிப் போகும் வழியில், காட்டுக்குள் தனியாக நிற்கும் ஒரு புகைபோக்கியையோ, எழுத்தில்லாத கற்கள் வரிசையாக நட்ட ஒரு சிறு கல்லறைத் தோட்டத்தையோ பார்த்துவிட்டு, இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றியவர்களுக்காக இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஸ்வெயின், ஜாக்சன், ஹேவுட், மேடிசன் ஆகிய நான்கு கவுண்டிகளைச் சேர்ந்தவை. ஆனாலும் அப்பலாச்சிய மலைத்தொடரின் பிற கவுண்டிகளிலும் வேலைமுறை ஏறக்குறைய இதுவேதான்.

முதற்படி: ஓர் ஓடையைத் தேர்ந்தெடுத்தல்

கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்றாக நினைத்துக்கொள்ளலாம்; நிலப்பதிவு, நீதிமன்றம், வரிவசூல், தேர்தல் ஆகிய அனைத்தும் அதன் தலைமையிடத்தில் நடக்கும். ஆனால் மலைவாசிகள் தங்களை அடையாளப்படுத்திக்கொண்டது கவுண்டியால் அன்று. ஹேசல் கிரீக், ஃபார்னி கிரீக், நோலண்ட் கிரீக், டீப் கிரீக் என ஓடைகளின் பெயராலேயே ஒருவர் எந்த இடத்துக்காரர் என்பது சொல்லப்பட்டது. இரண்டு முகடுகளுக்கு நடுவே இறங்கும் ஓடையும், அதன் கரையில் அகலமாகக் கிடைத்த சிறிதளவு சமநிலமும், அங்கே ஒரு தேவாலயமும், ஒரு மாவரைக்கும் ஆலையும், ஒரு கல்லறைத் தோட்டமும் சேர்ந்ததுதான் அவர்களுடைய ஊர். குறுகலான பள்ளத்தாக்கை 'ஹாலர்' என்றும், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அகன்ற பள்ளத்தாக்கைக் 'கோவ்' என்றும், சிற்றோடையைப் 'பிராஞ்ச்' என்றும் சொல்வார்கள். இந்தச் சொற்கள் பத்திரங்களிலும் வரும் என்பதால் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

எனவே 'ஸ்வெயின் கவுண்டியின் வரலாறு' என்று தலைப்பிட்டு இறங்காதீர்கள். ஓர் ஓடையை, முடிந்தால் அதன் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய நில வரைபடங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் ஓடை இருக்கும் தாளைத் தரவிறக்கிப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். வீடுகள் சிறு கறுப்புச் சதுரங்களாகவும், தேவாலயங்கள் சிலுவைக்குறியோடும் காட்டப்பட்டிருக்கும். இனி நீங்கள் கண்டெடுக்கும் ஒவ்வொரு பெயரும் இந்தத் தாளில் ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும். இடம் பிடிக்காத பெயரைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். பின்னால் அதற்கு வேலை வரும்.

இடப்பெயர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த மலைகளின் உச்சிகளில் ஒன்றான 6,643 அடி உயரச் சிகரம், அரசியல்வாதியாகவும், உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படைத்தளபதியாகவும் இருந்த தாமஸ் கிளிங்மனின் பெயரால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் 'கிளிங்மன்ஸ் டோம்' என்று அழைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில்தான், இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் அதற்கு இட்ட பெயரான 'குவோஹி', அதாவது மல்பெரி மரங்கள் உள்ள இடம், அதிகாரபூர்வமாகத் திரும்பியது. ஸ்வெயினின் தலைமையிடமான பிரைசன் சிட்டி, 1889 வரை சார்ல்ஸ்டன் என்ற பெயரில் இருந்தது. பழைய கடிதத்தில் சார்ல்ஸ்டன் என்று பார்த்துவிட்டுத் தெற்குக் கரோலினாவின் துறைமுக நகரத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: கவுண்டிகளின் வம்சாவளி

ஆட்களுக்கு வம்சாவளி எழுதுவதற்கு முன் கவுண்டிகளுக்கு எழுதிக்கொள்ளுங்கள். 1790-களின் தொடக்கத்தில் பன்கோம்ப் கவுண்டி உருவானது. அதிலிருந்து 1808-இல் ஹேவுட் பிரிந்தது. ஹேவுடிலிருந்து 1828-இல் மேக்கன். ஹேவுட், மேக்கன் இரண்டிலிருந்தும் 1851-இல் ஜாக்சன். பிறகு 1871-இல் ஸ்வெயின். மேடிசன் 1851-இல் பன்கோம்ப், யான்சி ஆகியவற்றிலிருந்து வந்தது. ஆகவே ஒரே வீட்டில் பிறந்து அதே வீட்டில் இறந்த ஒரு ஸ்வெயின்காரர், இடம் மாறாமலேயே இரண்டு மூன்று கவுண்டிகளில் வாழ்ந்தவராக ஆவணங்களில் தெரிவார். எந்த ஆண்டுக்கு எந்த ஊரின் பதிவேட்டைத் திறப்பது என்பதை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையிடமும் இடம் மாறும். ஜாக்சன் கவுண்டியின் தலைமையிடம் வெப்ஸ்டர் என்ற ஊரிலிருந்து 1913-இல் ரயில் நிலையம் இருந்த சில்வாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே குன்றின்மேல் கட்டிய நீதிமன்றத்துக்கு 107 படிகள் ஏற வேண்டும். இன்று அது பொது நூலகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையில் அரை நாள் உட்காரத் திட்டமிடுங்கள்.

மூன்றாம் படி: பத்திரம் வாசித்தல்

இந்த வேலையில் அதிக நேரம் கேட்பதும் அதிகம் கொடுப்பதும் இந்தப் படிதான். நம்மூரில் நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்த்து, தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு கவுண்டியின் பதிவாளர் அலுவலகத்திலும் விற்றவர் பெயரால் ஒன்றும் வாங்கியவர் பெயரால் ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் உண்டு. இன்றைய உரிமையாளரை வாங்கியவர் அட்டவணையில் கண்டுபிடித்து, அவருக்கு விற்றவர் யார் என்று பார்த்து, அந்த விற்றவரை மறுபடி வாங்கியவர் அட்டவணையில் தேடி, இப்படிப் படிப்படியாகப் பின்னே போனால் கடைசியில் மாநில அரசு கொடுத்த முதல் நில மானியத்தில் போய் நிற்பீர்கள். மானிய ஆவணங்கள் ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சங்கிலி இடையில் அறுந்தால் பதற வேண்டாம். தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போன நிலத்துக்கு உயிலோ பாகப்பிரிவினை வழக்கோ இருக்கலாம். அவை பதிவாளரிடம் அன்றி நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கும். வரிபாக்கிக்காக ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், ஏலம் விட்ட நிலத்தில், விற்றவராக ஷெரிஃபின் பெயரே அட்டவணையில் நிற்கும்.

பத்திரத்தின் உடலில் எல்லை விவரிக்கப்படும் முறையை நெருங்கிப் பாருங்கள். ஓடையின் இடது கரையில் நிற்கும் ஒரு செஸ்ட்நட் மரத்தில் தொடங்கி, வடக்குக்கு 40 பாகை கிழக்காக 60 போல் சென்று ஒரு வெள்ளை ஓக்கை அடைந்து, அங்கிருந்து முகட்டின் வளைவுகளோடு சென்று ஒரு பாறையை அடைந்து, பின் பலவாறாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்புவது, கூடக் குறைய ஐம்பது ஏக்கர் என்ற மாதிரியில் அது போகும். 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, இதற்குள்பட்ட' என்று எழுதும் நம்மூர் நான்கெல்லையின் தூரத்து உறவு என்று இதைச் சொல்லலாம். 'போல்' என்பது பதினாறரை அடி; நான்கு போல் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இந்த 66 அடிச் சங்கிலி நமக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலேயர் நம் நிலங்களை அளந்ததும் இதே நூறு கண்ணிச் சங்கிலியால்தான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால், ஒரு சதுரச் சங்கிலி நமது கணக்கில் சரியாகப் பத்துச் சென்ட்.

ஒரு கட்டத்தாளும், பாகைமானியும், அடிக்கோலும் எடுத்து, ஓர் அங்குலத்துக்கு 20 போல் என்ற அளவில் இந்த எல்லையை வரைந்து பாருங்கள். மேலே சொன்ன முதல் கோடு மூன்று அங்குலம் வரும். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முட்டாமல் விலகி நின்றால், ஒன்று நீங்கள் தவறாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது பத்திரத்தைப் படியெடுத்தவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார், அல்லது செங்குத்துச் சரிவில் சங்கிலி பிடித்தவர்களுக்குக் கை வலித்திருக்கிறது, மூன்றுமே நடந்திருக்கின்றன. திசைகள் காந்த ஊசியால் பார்க்கப்பட்டவை. காந்த வடக்கு காலத்தோடு நகர்வதால், 1850-இன் வரைவை இன்றைய வரைபடத்தின் மேல் வைக்கும்போது சில பாகை திருப்ப வேண்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்து நிலங்களை இப்படி வரைந்து வெட்டி, பிள்ளைகள் துண்டுப்படம் சேர்ப்பதுபோலச் சேர்த்தால், ஓடையின் இரு கரையிலும் யாருக்கு யார் அடுத்த வீடு என்பது மேசைமேல் தானாக உருவாகிவிடும். யார் யாரை மணந்தார்கள் என்பதற்கான விடையும் பாதி அங்கேயே கிடைக்கும்.

அந்த மூலைமரமான செஸ்ட்நட்டைத் தேடிக் காட்டுக்குப் போனால் அது இருக்காது. இந்த மலைகளின் காடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு மரம் செஸ்ட்நட்டாக இருந்தது. அதன் கொட்டையைத் தின்று பன்றிகள் கொழுத்தன, பிள்ளைகள் பொறுக்கிக் கடையில் கொடுத்துக் காலணி வாங்கினார்கள், பட்டையும் கட்டையும் தோல் பதனிடும் சாற்றுக்காக ஆலைக்குப் போயின. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் 1920-களில் இங்கே வந்து, 1940 வாக்கில் வளர்ந்த மரங்களை ஏறத்தாழ முழுவதுமாகக் கொன்றுவிட்டது. அதோடு ஒரு வாழ்வாதாரமும் போயிற்று. ஆயிரக்கணக்கான பத்திரங்களின் எல்லைக்கல்லும் போயிற்று.

நான்காம் படி: பத்திரத்துக்கு முன்பிருந்த நிலம்

முதல் மானியத்தைக் கண்டதும் ஓடையின் வரலாறு தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டதாக எண்ணுவது, உள்ளூர் வரலாற்று நூல்கள் பலவும் செய்யும் பிழை. இன்றைய ஸ்வெயின், மேக்கன் பகுதிகளின் பெரும்பாகத்தை செரோக்கி மக்கள் 1819-ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் விட்டுக்கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே வெள்ளையர் பத்திரங்கள் 1820-க்குப் பிறகே தொடங்குகின்றன. அந்த உடன்படிக்கையின்படி சில செரோக்கிக் குடும்பத் தலைவர்களுக்குத் தலா 640 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடுகளை மாநிலம் மற்றவர்களுக்கும் விற்றுவிட்டதால் எழுந்த வழக்குகளின் காகிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நில விவரணைகளுள் அடங்கும். 1838-இல் படையைக் கொண்டு செரோக்கிகளை மேற்கே துரத்தியபோது, ஓகோனலஃப்டி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களும் மலைகளில் மறைந்தவர்களுமாக ஒரு பகுதியினர் இங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே கிழக்குச் செரோக்கிக் குழுவினர்.

இங்கே அட்டவணை உங்களை ஏமாற்றும். அந்நாளில் செரோக்கிகளால் தங்கள் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள இயலாத நிலை இருந்ததால், அவர்களோடு வளர்ந்த வணிகரும் வழக்கறிஞருமான வில்லியம் ஹாலண்ட் தாமஸ் அவர்களுடைய பணத்தைக் கொண்டு தம் பெயரில் நிலங்களை வாங்கினார். பின்னாளில் அவர் கடனில் மூழ்கியபோது அந்த நிலமே வழக்கில் சிக்கியது. ஆகவே ஓகோனலஃப்டியில் செரோக்கிக் குடும்பங்களைத் தேடுகிறவர் வாங்கியவர் அட்டவணையில் தாமஸ் என்ற பெயரின் கீழேதான் பார்க்க வேண்டும். ஆட்களின் பெயர்களுக்கு, செரோக்கிகளைக் கணக்கெடுத்த 1848-ஆம் ஆண்டின் முல்லே பட்டியல், 1851-இன் சைலர் பட்டியல், 1924-இன் பேக்கர் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள்; செரோக்கி ஊரில் உள்ள அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவையும் நாடுங்கள். 'எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கி' என்று இந்த மலைகளில் பத்துக்கு ஐந்து குடும்பங்களாவது சொல்லும். அவமதிக்காமல் குறித்துக்கொண்டு, பட்டியல்களோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வயலின் பெயரிலேயே இந்த வரலாறு முழுவதும் மடிந்து கிடப்பதற்கு பிரைசன் சிட்டிக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல பத்தாண்டுகள் அது 'ஃபெர்குசன் வயல்' என்ற தனியார் பண்ணை. சிறு விமானங்கள் இறங்கும் ஓடுதளமாகவும் பயன்பட்டது. நடுவில், உழுது உழுது தேய்ந்த ஒரு மண்மேடு. அதுவே செரோக்கிகள் தங்கள் தாயூர் என்று போற்றும் கிட்டுவா. 1996-இல் அந்தக் குழுவினர் 309 ஏக்கரை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

ஐந்தாம் படி: ஆட்களின் பதிவேடுகள்

இதைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850 முதல் அடிமையல்லாத எல்லோருடைய பெயரும், 1880 முதல் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வரும். 1890-ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பாலானவை 1921-ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் அழிந்தன. 72 ஆண்டுகள் கழித்தே ஏடுகள் திறக்கப்படும் என்பதால், 2022-இல் வெளியான 1950-ஆம் ஆண்டுக் கணக்கே இப்போதைக்குக் கடைசி. பிறப்பு, இறப்பு மாநில அளவில் பதிவானது 1913-இலிருந்துதான். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்; மருமகன் சொன்ன மாமியாரின் தாய் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு.

பலரும் தாண்டிச் செல்லும் ஓர் ஏடு, 1850 முதல் 1880 வரையிலான விவசாய அட்டவணை. எத்தனை பன்றி, எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் மக்காச்சோளம், எவ்வளவு தேன் என ஒவ்வொரு பண்ணைக்கும் எழுதியிருப்பார்கள். மலைக்காரர்களெல்லாம் கள்ளச்சாராயம் காய்ச்சியே வாழ்ந்தார்கள் என்ற கதையை இந்த ஒரு ஏடே ஆட்டம் காணச் செய்யும்.

1850, 1860 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை உண்டு. அதில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும், பெயர் இருக்காது. மலையில் அடிமைமுறையே இல்லை என்று சொல்லும் உள்ளூர்ப் பெரியவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். எண்ணிக்கை சமவெளியைவிடக் குறைவு என்பது உண்மை; இல்லை என்பது உண்மையன்று. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில் முதன்முறையாக முழுப்பெயரோடு வரும் கறுப்பினக் குடும்பங்களை, பத்தாண்டு முன்னாலான பெயரற்ற வயதுகளோடும், அதே ஓடையின் உயில்களில் வரும் தனிப்பெயர்களோடும் பொறுமையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: ஊர் பேசாதவற்றைத் தேடுதல்

உள்நாட்டுப் போர் இந்தக் கவுண்டிகளை இரண்டாகப் பிளந்தது. மேடிசன் கவுண்டியில் 1863 ஜனவரியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் பன்றியை அறுத்து உப்பிட்டு வைத்தால்தான் ஆண்டு முழுவதும் இறைச்சி. போர்க்காலத்தில் உப்பு கிடைக்கவில்லை. இருந்த உப்பு, போரில் வடக்கின் ஐக்கிய அரசை ஆதரித்தவர்களின் குடும்பங்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களில் சிலர் கவுண்டியின் தலைமையிடமான மார்ஷல் ஊருக்குள் புகுந்து உப்பையும் பிறவற்றையும் கொள்ளையிட்டார்கள். பதிலுக்குக் கூட்டமைப்புப் படையின் 64-ஆம் வட கரோலினா ரெஜிமெண்ட் ஷெல்டன் லாரல் பள்ளத்தாக்கில் பிடித்த பதின்மூன்று பேரை, சிறுவர்கள் உட்பட, சுட்டுக்கொன்றது. ஊர்ப் பேச்சில் இது இரு தரப்பிலும் வேறு வேறாகச் சொல்லப்படும். ஆளுநர் வான்ஸ் விசாரிக்க உத்தரவிட்டதால் எழுந்த கடிதங்கள் ஆளுநர் ஆவணங்களில் இருக்கின்றன. போரில் வடக்கை ஆதரித்த தென்னகத்தவர் இழப்பீடு கேட்டு 1870-களில் அளித்த மனுக்களும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. அவற்றில் அண்டை வீட்டார் சாட்சி சொல்லியிருப்பார்கள். யார் யாருக்காகச் சாட்சி சொன்னார்கள், யார் வரவில்லை என்பதை மூன்றாம் படியில் நீங்கள் சேர்த்த நிலத்துண்டுகளின் மேல் குறித்துப் பாருங்கள்.

ரயில்பாதையின் கதை இன்னும் அமைதியாகக் கிடந்தது. ஆஷ்வில்லிலிருந்து மேற்கே மர்ஃபி வரை பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சிறைக்கைதிகள். அவர்களிலும் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 1882 டிசம்பர் 30 அன்று, டில்ஸ்பரோவுக்கு அருகே கவீ ரயில் சுரங்கப்பாதையில் வேலை செய்ய டக்கசீஜி ஆற்றைக் கடந்துகொண்டிருந்த படகு கவிழ்ந்து, விலங்கிட்டிருந்த 19 கைதிகள் மூழ்கி இறந்தார்கள். சுரங்கத்துக்கு மேலுள்ள குன்றில் பெயரற்ற குழிகளில் அவர்கள் புதைக்கப்பட்டனர். இவர்களைப் பற்றிக் கவுண்டியின் பதிவேடுகளில் தேடிப் பயனில்லை. அவர்கள் தண்டிக்கப்பட்ட சமவெளிக் கவுண்டிகளின் நீதிமன்றக் குறிப்புகள், மாநிலச் சிறைத்துறையின் அறிக்கைகள், அக்காலச் செய்தித்தாள்கள் ஆகிய மூன்றிலும் சேர்த்துத் தேட வேண்டும். முதற்படியில் இடம் பிடிக்காத பெயர்களுக்கென்று வைத்த தனித்தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். ரயிலோடு வந்தவர்கள் பலர் அதில் இருப்பார்கள்.

ஏழாம் படி: அரசு வாங்கிய நிலமும் மூழ்கிய நிலமும்

ஸ்வெயின் கவுண்டியின் மிகப் பெரும்பகுதி இன்று மத்திய அரசின் நிலம். மேற்கு மாநிலங்களின் தேசியப் பூங்காக்கள் பெரிதும் அரசிடம் ஏற்கெனவே இருந்த நிலத்தில் அமைந்தவை. 1934-இல் நிறுவப்பட்ட கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பூங்கா அப்படியன்று. ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை தந்த 50 லட்சம் டாலரும், வட கரோலினா, டென்னசி ஆகிய இரு மாநிலங்களின் நிதியும், பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த சில்லறையும் கொண்டு, மரவெட்டு நிறுவனங்களிடமிருந்தும் ஆயிரக்கணக்கான சிறு உழவர்களிடமிருந்தும் துண்டு துண்டாக வாங்கப்பட்டது. விற்க மறுத்தவர்கள்மீது கையகப்படுத்தும் வழக்குகள் நடந்தன. வரலாறு தேடுவோர்க்கு இதில் ஒரு கசப்பான ஆதாயம் உண்டு: ஒவ்வொரு துண்டுக்கும் வரைபடம், வீடு, கொட்டகை, ஆப்பிள் மரங்கள் வரை மதிப்பீடு, சில இடங்களில் புகைப்படம் என்று ஒரு கோப்பு உருவாயிற்று. மாநிலப் பூங்கா ஆணையத்தின் காகிதங்களை மாநில ஆவணக் காப்பகத்திலும், பூங்காவின் சொந்தச் சேகரிப்பை டென்னசியின் டவுன்செண்டில் உள்ள காப்பகத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

பிறகு ஃபோன்டானா அணை. இரண்டாம் உலகப் போரின்போது மின்சாரத்துக்காக டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1942 முதல் 1944 வரை லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே 480 அடி உயர அணையைக் கட்டியது. ஆற்றோர ஊர்களோடு, வடகரைக்குப் போகும் ஒரே சாலையான பழைய 288-ஆம் நெடுஞ்சாலையும் மூழ்கியது. நீரில் மூழ்காத ஹேசல் கிரீக், ஃபார்னி கிரீக் மக்களும் சாலை இல்லாததால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 44,000 ஏக்கர் பூங்காவோடு சேர்ந்தது. போர் முடிந்தபின் புதிய சாலை போட்டுத் தருவதாக 1943-இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏறக்குறைய ஏழு மைல் மட்டும் போட்டு, ஒரு சுரங்கப்பாதையையும் குடைந்து, பாறையில் அமிலம் கசிகிறது என்று நிறுத்திவிட்டார்கள். 2010-இல் சாலைக்குப் பதிலாக 5 கோடியே 20 லட்சம் டாலர் தருவதாக உடன்பட்டு, அதன் பாக்கியும் வழக்குக்குப் பிறகு 2018-இல்தான் வந்து சேர்ந்தது. சாலையின் பெயரே உள்ளூரில் 'எங்கும் போகாத சாலை'. பூங்காவின் எழில் பற்றி அங்கே யாரிடமாவது வியந்து பேசத் தொடங்குவதற்கு முன் இந்த வாக்குறுதியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: களத்துக்குப் போதல்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை, இலை உதிர்ந்து தரை தெரியும் காலமே ஏற்றது. பாம்புத் தொல்லையும் இராது. வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு நிற மேலாடை அணியுங்கள். மரத்தில் ஊதா நிறக் கோடு பூசியிருந்தால் அது நில உரிமையாளர் இட்ட தடை அடையாளம். அனுமதி கேட்காமல் தாண்ட வேண்டாம். பூங்காவுக்குள் கிடக்கும் உடைந்த பீங்கானையோ அடுப்பின் இரும்பையோ எடுப்பது குற்றம். படம் எடுத்து, இடம் குறித்து, அங்கேயே விட்டுவிடுங்கள்.

காட்டில் வரிசையாக டாஃபடில் பூத்திருந்தால் அங்கே ஒரு வீட்டு வாசல் இருந்தது. தரையோடு படர்ந்த பெரிவிங்கிள் கொடியும், ஒன்றிரண்டு செடார் மரமும் இருந்தால் அது அநேகமாகக் கல்லறை. அருகே போனால் கிழக்கு மேற்காக நீண்ட பள்ளங்களும், தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக நட்ட ஓடைக்கற்களும் தெரியும். எழுத்து இராது. பெரிய கல்லுக்கும் சிறிய கல்லுக்கும் இடையில் ஓரடி, ஒன்றரை அடிதான் இருந்தால் அது குழந்தையின் குழி. ஒரே வரிசையில் அப்படி நான்கைந்து இருப்பதும் உண்டு. எழுத்துள்ள கல்லைத் தேய்த்தோ, சுண்ணம் பூசியோ படிக்காதீர்கள். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் மங்கிய எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும்.

கோடையில் ஒருமுறையும் போக வேண்டும். 'டெகரேஷன் டே' என்று ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. குடும்பங்கள் கூடிப் புல் செதுக்கி, மண் அணைத்து, பூ வைத்து, பாடி, ஜெபித்து, கொண்டுவந்த உணவை அங்கேயே பகிர்ந்து உண்பார்கள். ஃபோன்டானாவின் வடகரைக் கல்லறைகளுக்குப் பூங்கா நிர்வாகமே ஏரியில் படகு விட்டு அவர்களை அழைத்துச் செல்கிறது. கேட்டலூச்சி பள்ளத்தாக்கில், 1898-இல் கட்டிய பால்மர் சேப்பலில் ஆகஸ்டில் பழைய குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. அழைப்பின்றி முதல் ஆண்டு போகிறவர் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, மண்வாரியைக் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் படி: பெரியவர்களிடம் கேட்டல்

வெளியூரார் வந்து கேட்டு எழுதிப்போன அனுபவம் இந்த மக்களுக்கு நிறைய உண்டு. அதில் மனத்தாங்கலும் உண்டு. செயிண்ட் லூயிஸிலிருந்து 1904-இல் வந்து ஹேசல் கிரீக்கில் தங்கிய நூலகர் ஹொரேஸ் கெஃபார்ட், பூங்கா உருவாகப் பெரிதும் பாடுபட்டவர். ஆனால் அவர் எழுத்தில் சாராயம் காய்ச்சுவதும் முரட்டுத்தனமும் மிகுந்து, தேவாலயமும் பள்ளியும் குறைந்துவிட்டன என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. அவருடைய நண்பரான ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜார்ஜ் மாசா, சைக்கிள் சக்கரத்தில் தூரமானி பொருத்தி உருட்டிக்கொண்டே மலைப்பாதைகளை அளந்தவர்; ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் இந்த மலைகளை இவ்வளவு அறிந்திருந்தார் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நேர்காணலுக்குப் போகும்போது சுவரிலிருந்த வரைபடத்தையும் நிலத்துண்டுகளையும் கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். 'உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்றால் பேச்சு வராது. 'ஆலையிலிருந்து மேலே போனால் முதல் வீடு யாருடையது, மேடம்?' என்று கேட்டால் விரல் தாளில் நகரத் தொடங்கும். விரல் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு கதை இருக்கும். பன்றி அறுத்த நாள், ஊற்றின் மேல் கட்டிய 'ஸ்பிரிங் ஹவுஸ்' என்ற சிறு கொட்டகையில் பால் குளிரவைத்த விதம், பள்ளிக்கு நடந்த தடம் என்று பொருள்களையும் வேலைகளையும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் களைப்பூட்ட வேண்டாம். ஒலிப்பதிவுக்கும் பயன்பாட்டுக்கும் எழுத்துவழி அனுமதி பெற்று, படியெடுத்த தாளை அவர்களிடமே முதலில் காட்டுங்கள். பேச்சு வழக்கைப் புரிந்துகொள்ளத் திணறினால், ஜோசப் ஹால் என்ற மொழியறிஞர் பூங்கா நிர்வாகத்துக்காக 1930-களின் பிற்பகுதியில் இங்கே திரட்டிய பேச்சுப் பதிவுகளைக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொள்ளலாம்.

பத்தாம் படி: எழுதி ஒப்படைத்தல்

எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்தக் கவுண்டியின் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு இடுங்கள். வாய்மொழியாக வந்ததை அப்படி என்றே சொல்லுங்கள். இரண்டு குடும்பங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதமின்றி அச்சிட வேண்டாம். கல்லறைகளின் துல்லியமான இருப்பிடத்தையும் செரோக்கித் தலங்களையும் பொதுவெளியில் போடுமுன் உரியவர்களிடம் கேளுங்கள்.

குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கவுண்டி நூலகத்துக்கு. ஒன்று நேர்காணல் தந்த குடும்பத்துக்கு. ஒன்று ஆஷ்வில்லில் உள்ள மேற்கு வட்டார ஆவணக் காப்பகம், கல்லோவீயில் உள்ள மேற்குக் கரோலினா பல்கலைக்கழகம், பூனில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஒன்றுக்கு. மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கக் கூடாது. மார்ஷல் ஊர் ஃப்ரெஞ்ச் பிராட் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒரு தெரு அகலத்தில் இருப்பது. 1916 ஜூலை வெள்ளத்தை அங்கே தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் அந்தத் தெருவில் மறுபடி ஏறியபோது, கடைகளோடும் வீடுகளோடும் பெட்டிகளில் வைத்திருந்த படங்களும் காகிதங்களும் சேற்றுக்குள் போயின.